பேணிக்குள் கிடந்த மார்க், பிராங்க், குல்டன்: யூரோவுக்கு முந்திய காசை மாற்றுவது எப்படி

பெரியப்பா எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்தவர். கடைசிவரை உணவகச் சமையலறையில்தான் வேலை. அவர் போன பிறகு பெரியம்மா அலுமாரியின் மேல்தட்டைத் துப்பரவாக்கியபோது ஒரு பட்டர் பிஸ்கட் பேணி கிடைத்தது. உள்ளே றப்பர் பாண்ட் போட்டுச் சுற்றிய தாள்காசு, அடியில் கொஞ்சம் சில்லறை. லா ஷப்பலில் சாமான் வாங்கப் பாரிஸ் போவார், பிரசல்சில் தம்பி வீடு, ஒல்லாந்தில் ஒரு கூட்டாளி. அந்தக் காலத்தில் எல்லை தாண்டினால் வேறு காசு, திரும்பி வரும்போது மிஞ்சியதைப் பேணிக்குள் போட்டுவிடுவார்.

பெரியம்மா அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வங்கிக்குப் போனார். "இதற்கெல்லாம் காலம் முடிந்துவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஸ்டேசனுக்குப் பக்கத்தில் பழைய நாணயம் வாங்கும் ஒரு கடையில், முழுப் பேணிக்கும் 400 யூரோ தருகிறேன் என்றார்கள். நல்லவேளையாகக் கொடுக்க முன்னம் எனக்கு போன் எடுத்தார். நான் உட்கார்ந்து பார்த்ததில் அதற்குள் மாற்றக்கூடிய காசு மட்டும் 871 யூரோ 17 சென்ட் இருந்தது. எப்படிக் கணக்குப் பார்த்தேன், எங்கே பிழை விட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன். இப்படி ஒரு பேணி உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

படி 1: காசின் பெயரைப் பார்க்காதீர்கள், வெளியிட்ட வங்கியின் பெயரைப் பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் இரவு நான் மார்க் ஒரு பக்கம், பிராங்க் ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம் என்று பிரித்தேன். பிராங்க் குவியலில் ஒரு 2000 தாள் இருந்தது. பிராங்க் என்றால் பிரான்ஸ் என்று நினைத்து, 1 யூரோ = 6.55957 பிராங்க் என்ற கணக்கில் பிரித்தேன். 304.90 யூரோ வந்தது. பெரியம்மாவுக்கு உடனே சொல்லியும் விட்டேன். அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், தாளில் இருப்பவர் விக்டர் ஓர்ட்டா, பெல்ஜியத்துக் கட்டடக் கலைஞர். வங்கியின் பெயர் பிரெஞ்சு, டச்சு, ஜேர்மன் என்று மூன்று மொழியில் அச்சிட்டிருக்கிறது. அது பெல்ஜிய பிராங்க். அதன் மதிப்பு 1 யூரோவுக்கு 40.3399. இரண்டாயிரத்தை அதால் பிரித்தால் 49.58 யூரோ. பெரியம்மாவுக்குத் திரும்ப போன் எடுத்து 255 யூரோ குறைகிறது என்று சொல்ல வேண்டி வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அது உண்மையிலேயே பிரெஞ்சு பிராங்காக இருந்திருந்தால் கையில் வந்திருப்பது பூச்சியம், ஏனென்றால் பிரான்ஸ் எப்போதோ வாசலைச் சாத்திவிட்டது. பெல்ஜியம் இன்றைக்கும் தாளை மாற்றித் தருகிறது. ஆகவே பெயர் மாறினால் மதிப்பு மட்டுமல்ல, உயிர் இருக்கிறதா இல்லையா என்பதும் மாறும்.

பிராங்கில் நாலு வகை உங்கள் கையில் வரலாம்: பிரெஞ்சு, பெல்ஜியம், லக்சம்பேர்க், சுவிஸ். லக்சம்பேர்க் பிராங்கும் பெல்ஜிய பிராங்கும் ஒரே மதிப்பு. நாலு மொழியில் எழுதியிருந்தால் அது சுவிஸ். சுவிஸ் யூரோவில் சேரவே இல்லை, அதைத் தனியாக எடுத்து வையுங்கள், கீழே வருகிறேன். மார்க்கிலும் இதே சிக்கல் உண்டு: மேற்கு ஜேர்மனியின் டொச் மார்க், கிழக்கு ஜேர்மன் மார்க், பின்லாந்து மார்க் எல்லாம் வேறு வேறு.

படி 2: உயிர் இருக்கிறதா பாருங்கள்

யூரோ 1999 ஜனவரி 1 முதல் கணக்கில் வந்தது, தாளும் சில்லறையும் 2002 ஜனவரி 1 அன்று கைக்கு வந்தன. பழைய காசு கடையில் செல்லாமல் போனது சில வாரங்களில். மத்திய வங்கியில் செல்லாமல் போவது வேறு தேதி. இந்த இரண்டையும் குழப்பித்தான் பலர் நல்ல காசைக் குப்பையில் போடுகிறார்கள். பக்கத்து வங்கிக்காரர் சொன்னதும் முதல் தேதியைத்தான்.

காலக்கெடுவே இல்லாமல் தாள், சில்லறை இரண்டையும் மாற்றித் தருபவை ஜேர்மனி, அயர்லாந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா. ஒஸ்திரியாவும் அப்படித்தான், ஆனால் கடைசித் தொடரில் வந்த தாள்களுக்கு மட்டும்: ஓட்டோ வாக்னர் படம் போட்ட பழைய 500 ஷில்லிங்குக்கும் ஷ்ரோடிங்கர் படம் போட்ட 1000 ஷில்லிங்குக்கும் 2018 ஏப்ரல் 20உடன் கதை முடிந்தது. தாளுக்கு மட்டும் காலக்கெடு இல்லாதவை பெல்ஜியம், லக்சம்பேர்க், ஸ்லோவேனியா, ஸ்லோவாக்கியா. ஒல்லாந்தின் கடைசிக் குல்டன் தாள்களுக்கு 2032 ஜனவரி 1 வரை நேரம் இருக்கிறது, சில்லறைக்கு 2007இலேயே முடிந்துவிட்டது.

இனி, செல்லாக்காசு ஆனவை. பிரெஞ்சு பிராங்க் தாள் 2012 பெப்ரவரி 17. பின்லாந்து அதே மாதம் 29. கிரேக்க திராக்மா 2012 மார்ச் 1. சைப்பிரஸ் பவுண் 2017 கடைசி, மால்டா லீரா 2018 ஜனவரி 31. ஸ்பெயின் பெசெட்டா 2021 ஜூன் 30. 2020 கடைசியில் முடியவேண்டியதை அரை வருடம் தள்ளிவைத்தார்கள். போர்த்துக்கல் எஸ்குடோ தாள் 2022 பெப்ரவரி 28.

இத்தாலிய லீராவின் முடிவு எனக்கு இன்னும் கோபம் வரவைக்கும் விடயம். பத்து வருட அவகாசம், 2012 பெப்ரவரி கடைசி வரை மாற்றலாம் என்று சட்டம் சொன்னது. அதை நம்பி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். 2011 டிசம்பர் 6 அன்று, நாட்டின் கடன் நெருக்கடி முற்றிய நேரத்தில், பிரதமர் மொன்ரியின் அரசு ஒரே ஆணையில் அன்றோடு முடித்துவிட்டது. 2015இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது, ஆனால் அதனால் பயன் கிடைத்தது அந்த இடைப்பட்ட மாதங்களில் போய்க் கேட்டு அதற்கு அத்தாட்சி வைத்திருந்தவர்களுக்கு மட்டும். ஆகவே காலக்கெடு தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஒல்லாந்துக் காசு இருந்தால் இந்த வருடமே அனுப்புங்கள்.

படி 3: பெருக்காதீர்கள், பிரியுங்கள்

1998 டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு நாட்டுக் காசுக்கும் ஆறு இலக்கத்தில் ஒரு எண்ணைக் கட்டிவைத்தார்கள். பிறகு சேர்ந்த நாடுகளுக்குச் சேரும்போது. அந்த எண் இனி மாறாது, சந்தை நிலவரம் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. உங்களுக்குத் தேவைப்படக்கூடியவை: டொச் மார்க் 1.95583, குல்டன் 2.20371, பெல்ஜிய பிராங்க் 40.3399, ஒஸ்திரிய ஷில்லிங் 13.7603, ஐரிஷ் பவுண் 0.787564. இத்தாலிய லீரா 1936.27, பெசெட்டா 166.386, கடைசி இரண்டும் வரலாற்றுக்கு மட்டும்.

ஏன் இரண்டு மார்க் என்று சுளையாக வைக்காமல் 1.95583? யூரோவுக்கு முன்பு எக்கியூ என்று ஒரு கணக்குக் காசு இருந்தது, பல நாட்டுக் காசைக் கலந்த கூடை போல. ஒரு எக்கியூ ஒரு யூரோவாகும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கூடைக்குள் யூரோவில் சேராத பிரித்தானியப் பவுணும் டென்மார்க் குரோனும்கூட இருந்தன. அவை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அதனால் கடைசி நாள் வரைக்கும் எண் என்னவென்று யாருக்கும் முன்கூட்டித் தெரிய வழியில்லை, அன்று எது வந்ததோ அதுவே நிலைத்துவிட்டது.

பெரியப்பாவின் மார்க் கணக்கு: 100 மார்க் தாள் 11, 50 மார்க் 5, 10 மார்க் 3, ஒரு 5 மார்க் குற்றி. மொத்தம் 1385. அதை 1.95583ஆல் பிரித்தால் 708.14 யூரோ. பலர் "ஒரு மார்க் 51 சென்ட்" என்று மனதில் வைத்துப் பெருக்குகிறார்கள், அப்படிச் செய்தால் 706.35 வரும், ஒரு யூரோ 79 சென்ட் காணாமல் போகும். யூரோ விதிகளே இப்படித் தலைகீழாக்கிய எண்ணைப் பாவிக்கக்கூடாது என்றுதான் சொல்கின்றன: முழு எண்ணால் பிரி, கடைசியில் மட்டும் சென்ட்டுக்குச் சுருக்கு.

போனில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர் போதும். நாணய மாற்று ஆப் எதையும் இதற்கு நான் நம்பமாட்டேன். சிலது எண்ணைச் சுருக்கிவிடுகிறது, காலாவதியானதற்கும் மதிப்புப் போட்டுக் காட்டி ஆசை காட்டுகிறது. தாள் நிறைய இருந்தால் கணினியில் லிபர் ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு அட்டவணை போடுங்கள், நாடு, வங்கி, தொகை, எண்ணிக்கை என்று நாலு நிரல். அந்த அட்டவணையைப் பிறகு படிவத்திலும் அப்படியே பார்த்து எழுதலாம்.

படி 4: போய்க் கொடுப்பது அல்லது தபாலில் அனுப்புவது

ஜேர்மனியில் இருப்பவர்கள் அந்நாட்டு மத்திய வங்கியான புண்டெஸ்பாங்கின் கிளைக்கு நேரே போங்கள். சாதாரண வங்கி வேறு, புண்டெஸ்பாங்க் வேறு. கட்டணம் இல்லை. போவதற்கு முதல் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு, அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். வேறு நாட்டில் இருந்தால் தபாலில் அனுப்பலாம், மைன்ஸ் நகரக் கிளை அதைப் பார்க்கிறது. படிவத்தை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள், வங்கிக் கணக்கு விபரத்தை இரண்டு தரம் சரிபாருங்கள், காசு அந்தக் கணக்குக்குத்தான் வரும். தபாலில் தொலைந்தால் நட்டம் அனுப்பியவருக்கு, அதனால் காப்புறுதியுடன் அனுப்புங்கள், உறைக்குள் வைக்க முன்னம் ஒவ்வொரு தாளையும் தொடர் இலக்கம் தெரியப் படம் எடுங்கள்.

நாட்டுக்கு நாடு தனி உறை. பெல்ஜியத் தாளை ஜேர்மனியில் மாற்றமுடியாது, அது பிரசல்சில் உள்ள வங்கிக்குத்தான் போகவேண்டும். பெரியப்பாவின் 250 குல்டன் தாள், 113.45 யூரோ, ஒல்லாந்து மத்திய வங்கிக்குப் போனது. அனுப்ப முன்னம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்: ஊதா நிறத்தில் ஒரு கலங்கரை விளக்கம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்க்குறியில் ஒரு முயல். ஒக்செனார் என்பவர் வடிவமைத்தது. ஐரோப்பாவில் இதைவிட அழகான காசுத்தாள் வந்ததே இல்லை என்பது என் முடிவு.

ஒட்டுப்பசை நாடா ஒட்டாதீர்கள், அயர்ன் பண்ணாதீர்கள். மடிந்திருந்தால் மடிந்தபடியே போகட்டும்.

படி 5: செத்த காசை என்ன செய்வது

கை மாறிக் கசங்கிய தாளுக்குச் சேகரிப்பாளர்களிடம் பெரிய விலை கிடையாது. அச்சிலிருந்து இப்போதுதான் வந்தது போல இருந்தால் மட்டும் விசாரித்துப் பாருங்கள். மாற்றக்கூடிய மார்க்கை ஒருநாளும் முகமதிப்புக்குக் குறைத்து விற்காதீர்கள். இன்றைக்கும் ஏறத்தாழ 1200 கோடி மார்க் திரும்பி வராமல் உலகத்தில் எங்கெங்கோ கிடக்கிறது, அதனால் அபூர்வமும் இல்லை.

பேணியில் ஒரு 1000 லீரா இருந்தது, உயிரோடு இருந்த காலத்தில் 52 சென்ட் பெறுமதி. அதில் மரியா மொண்டிசோரியின் படம். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த அதே மொண்டிசோரி அம்மையார். அதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, நேர்சரி ரீச்சராக இருந்தவர் அல்லவா, தாளைக் கையில் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை.

பின்சேர்க்கை 1: ஒருவர் "கிளாரா படம் போட்ட மார்க் இருக்கிறது, மாற்றலாமா" என்று கேட்டிருந்தார். எந்தக் கிளாரா என்று பாருங்கள். பியானோக் கலைஞர் கிளாரா ஷூமன் என்றால் அது 100 டொச் மார்க், 51.13 யூரோ. கிளாரா செற்கின் என்றால் கிழக்கு ஜேர்மனியின் 10 மார்க். 1990 ஜூலை 1 அன்று டொச் மார்க் அங்கே வந்ததோடு அதன் ஆயுள் முடிந்தது. காரல் மார்க்ஸ் படம் போட்ட நூறும் அப்படித்தான்.

பின்சேர்க்கை 2: சுவிஸ் பிராங்க். 2020இலிருந்து சட்டம் மாறிவிட்டது: 1976இல் தொடங்கிய ஆறாவது தொடரிலிருந்து எல்லாத் தாள்களையும் சுவிஸ் மத்திய வங்கி காலக்கெடு இல்லாமல் மாற்றித் தருகிறது. அதற்கு முந்தியவை போனவைதான்.

பின்சேர்க்கை 3: பல்கேரிய லெவ் பற்றிக் கேட்டவருக்கு: 2026 ஜனவரி 1 முதல் அங்கேயும் யூரோ. எண்ணைப் பாருங்கள், 1.95583. மார்க்கின் அதே எண். தொண்ணூறுகளில் அங்கே விலைவாசி வெடித்தபோது லெவ்வை மார்க்கோடு கட்டிவைத்தார்கள், மார்க் போன பிறகும் அந்த முடிச்சு அவிழவில்லை. அந்நாட்டு மத்திய வங்கி காலக்கெடு இல்லாமல் மாற்றித் தருகிறது. குரோவேசியக் குனா என்றால் எண் 7.53450, தாளுக்குக் காலக்கெடு இல்லை, சில்லறைக்கு 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. பொஸ்னியாவின் மார்க்கும் அதே 1.95583தான், ஆனால் அது இன்னும் அங்கே கடையில் ஓடும் காசு, புண்டெஸ்பாங்குக்கு அனுப்பாதீர்கள்.