ஓக் பெஞ்ச் வாங்கப் போகிறீர்களா? தோசைக்கல்லைத் தள்ளி வையுங்கள்

பிரிட்டனுக்கு வந்து வாடகை வீட்டில் குடியேறியதும் எல்லாரும் மெத்தை, சோஃபா, டிவி என்று ஓடுவார்கள். என்னைக் கேட்டால், அவற்றோடு ஒரு பெஞ்சும் வாங்குங்கள் என்பேன். இங்கே வீடுகள் சின்னவை, நம் வீட்டுக்கு வரும் கூட்டம் மட்டும் சின்னதாகாது. ஐந்தடி பெஞ்சில் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் உட்காருவார்கள், நாம் நான்கு பேர் உட்காருவோம். முதுகு வைக்காத பெஞ்ச் என்றால் சாப்பாடு முடிந்ததும் மேசைக்கு அடியில் தள்ளிவிடலாம். வாசலில் போட்டால் பூட்ஸ் கழற்ற உட்காரலாம். திண்ணை இல்லாத ஊரில் அதுதான் திண்ணை.

எந்த மரம்? நம்மூருக்குத் தேக்கு எப்படியோ, இந்த ஊருக்கு ஓக் அப்படி. தமிழ் பைபிள் படித்தவர்கள் 'கர்வாலி மரம்' என்று பார்த்திருப்பார்கள், அதுதான் இது. ஆனால் தேக்கைப் பார்த்துக்கொள்வது போலவே ஓக்கையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தால் என்னைப் போல மாட்டிக்கொள்வீர்கள். அந்தக் கதை பிறகு.

கடைக்குப் போனால் முதலில் விலைச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'சாலிட் ஓக்' என்றால் முழு மரம். 'ஓக் வெனீர்' என்றால் மேலே மெல்லிய ஓக் தோல், உள்ளே பிளைவுட்டோ, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையோ. 'ஓக் எஃபெக்ட்' என்றால் ஓக் படம் போட்ட தாள், மரமே கிடையாது. 'ஓக் ஃபினிஷ்' என்பது நிறத்தைச் சொல்கிறது, மரத்தை அல்ல. உள்ளே ரப்பர் மரம் இருக்கலாம். வெனீர் கெட்ட பொருள் இல்லை, முழு மர விலைக்கு அதை வாங்குவதுதான் தவறு. நான் முதலில் வாங்கியது அப்படித்தான். விற்றவர் முழு ஓக் என்றார், நானும் தலையாட்டினேன். ஒரு வருடத்தில் ஓரத்தில் தோல் எழும்பி, உள்ளே மரத்தூள் பலகை எட்டிப் பார்த்தது.

கண்டுபிடிக்க ஆசாரி கண் தேவையில்லை. பலகையின் குறுக்குவெட்டு முனையைப் பாருங்கள். மேல் பக்கத்து ரேகை முனையில் வளைந்து இறங்கி, வளைய வரிகளாகத் தொடர்ந்தால் முழு மரம். மேலே ஒரு கோலமும் முனையில் வேறு கோலமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஒரு பக்கம் தூக்கிப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் நீளம், 35 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் கனமுள்ள ஓக் பலகை மட்டுமே சுமார் 15 கிலோ வரும். ஒற்றைக் கையில் அலட்சியமாகத் தூக்க முடிந்தால் அது வேறு ஏதோ. சில பலகைகளில் ரேகைக்குக் குறுக்கே பளபளவென்று வெள்ளிக் கீற்றுகள் ஓடும். புதிதாக வந்தவர்கள் அதைக் கறை என்று ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கி நேராக அறுத்த பலகையில்தான் அது நன்றாகத் தெரியும். அப்படி அறுத்த பலகை வளைவதும் குறைவு. கிடைத்தால் விடாதீர்கள்.

உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். இருக்கை உயரம் 45 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் வழக்கமான சாப்பாட்டு மேசைக்குச் சரியாக வரும். ஆளுக்கு 50 முதல் 60 சென்டிமீட்டர் கணக்கு. கால்கள் முனையிலிருந்து ரொம்ப உள்ளே தள்ளி இருக்கும் பெஞ்சில் ஒருவர் எழுந்தால் மறுமுனையில் இருப்பவர் கவிழ்வார். அதுவும் குழந்தைகள் ஏறி விளையாடும் வீடென்றால் கேட்கவே வேண்டாம்.

புதிதுதான் வேண்டும் என்று இல்லை. தர்ம நிறுவனங்கள் நடத்தும் பழைய சாமான் கடைகளிலும் கம்டிரீ, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இணையச் சந்தைகளிலும் நல்ல ஓக் மலிவாகக் கிடைக்கும். பழைய சோஃபா என்றால் தீப்பாதுகாப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது 1988-ஆம் ஆண்டு விதி. வெறும் மர பெஞ்சுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூடிவிட்ட தேவாலயங்களின் நீள இருக்கைகளும் விற்பனைக்கு வரும். அழகானவை, ஆனால் பல பைன் மரம், எல்லாம் ஓக் இல்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, சின்ன வட்டத் துளைகளும் புது மாவு போன்ற தூளும் இருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது, வேண்டாம்.

இணையக் கடையில் வாங்கினால் பொருள் கைக்கு வந்த பிறகு 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். உங்கள் அளவுக்கென்றே செய்யச் சொன்ன பொருளுக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது. பழுதான பொருளென்றால் கடையில் வாங்கியதாக இருந்தாலும் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். இன்னொன்று, 'கெர்ப்சைட் டெலிவரி' என்று போட்டிருந்தால் தெருவோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மாடிக்கு ஏற்ற இரண்டு பேரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, இப்போது தோசைக்கல்.

பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து கொடுத்த வீடுகளில் மாசிக்காயைத் தெரியாதவர் இல்லை. அது காயே அல்ல. ஒருவகை ஓக் மரத்தின் கிளையில் சிறு குளவி முட்டையிட, அதைச் சுற்றி மரம் வளர்த்துக்கொள்ளும் உருண்டை. அதை வாயில் வைத்தால் நாக்கை இழுக்கும் துவர்ப்புக்குக் காரணம் டானின். ஓக் மரக்கட்டை முழுக்க அதே சத்து இருக்கிறது. டானினும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பு மை. ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்கில் அப்படித்தான் மை செய்தார்கள்; 1215-இல் எழுதிய இங்கிலாந்தின் உரிமைச் சாசனம் மாக்னா கார்ட்டாவும் ஓக் மையால் எழுதியதுதான்.

நான் எழுதியது வட்டமாக. கழுவிய இரும்புத் தோசைக்கல்லை ஒரு நிமிடம் என்று பெஞ்சின் மேல் வைத்தேன், யாரோ ஃபோன் செய்தார்கள், மறந்தே போனேன். திரும்பி வந்தபோது நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல நீலக்கறுப்பு வளையம். பதறிப்போய் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் தேய்த்தேன். அது இன்னும் மோசம். உதிர்ந்த இரும்புத் துகள்கள் ரேகைக்குள் போய் உட்கார்ந்து, அடுத்த ஈரத் துடைப்பில் பெஞ்ச் முழுக்க மிளகு தூவியது போல ஆனது. ஆக்சாலிக் அமிலம் கலந்த மரக்கறை நீக்கிதான் கடைசியில் காப்பாற்றியது. அது விஷம், கையுறை போட்டுக்கொண்டு, டப்பாவில் எழுதியுள்ளபடி செய்து, நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். சின்னக் கறை என்றால் எலுமிச்சைச் சாறே கொஞ்சம் இளக்கும்.

ஆகவே ஈர இரும்புச் சட்டி, அரிவாள்மனை, துருப்பிடித்த டப்பா எதுவும் ஓக்கில் படக் கூடாது. தளர்ந்த ஸ்க்ரூவை மாற்றினாலும் சாதா இரும்பு வேண்டாம், துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை போடுங்கள்.

அடுத்த எதிரி ஹீட்டர். குளிர்காலம் முழுக்க ரேடியேட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, மரம் குறுக்குவாட்டில் சில மில்லிமீட்டர் சுருங்கும், கோடையில் மறுபடி விரியும். பெஞ்சை ரேடியேட்டரை ஒட்டிப் போடாதீர்கள். ஜனவரியில் மெல்லிய வெடிப்பு கண்டால் உடனே எதையாவது வைத்து அடைக்கவும் வேண்டாம், பெரும்பாலும் ஜூலையில் தானே மூடிக்கொள்ளும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மரத்துக்கென்று விற்கும் எண்ணெய் மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கை பரபரத்து நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அவை மரத்தில் இறுகாமல் பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும், நாளடைவில் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெய் இறுகும், ஆனால் இறுகும்போது சூடு கிளப்பும். அதைத் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காய வையுங்கள். விளையாட்டில்லை.

தோட்டத்தில் போடுவதாக இருந்தால் ஐரோப்பிய ஓக் அல்லது அமெரிக்க வெள்ளை ஓக் என்று கேட்டு வாங்குங்கள். சிவப்பு ஓக்கின் நுண்குழாய்கள் திறந்தே இருப்பதால் தண்ணீர் குடித்து மக்கும். வைரம் பாய்ந்த பகுதிதான் தாங்கும், பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி வெளியில் நிற்காது. முதல் சில மழைகளில் பழுப்புச் சாயம் கசிந்து தரைக்கல்லைக் கறையாக்கும், அதனால் கொஞ்ச நாள் புல் பக்கம் போட்டு வைப்பது நல்லது. ஆனால் கால்களைப் புல்லிலேயே விட்டுவிடாதீர்கள், மக்குவது அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு ஒரு கல் துண்டின் மேல் ஏற்றி வையுங்கள். ஓரிரு வருடத்தில் மரம் சாம்பல் நிறமாகும், அது நோய் இல்லை. பச்சைப் பாசி படிந்தால் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும், பிரஷர் வாஷர் அடித்தால் ரேகை பிய்ந்து நார் நாராக எழும்பும்.

மஞ்சள் கறையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சாம்பார் சிந்தினால் துடைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்க்கும்படி பெஞ்சைத் திருப்பிப் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். நவம்பரில் சிந்தியிருந்தால் மட்டும் ஏப்ரல் வரை ஒரு துணியை மேலே போட்டு வைக்க வேண்டியதுதான்.