வசந்தகாலப் பூச்செடிகள்: சமவெளிக்கு ஒரு கணக்கு, மலைக்கு வேறு கணக்கு

மார்ச் மாதம் சென்னையிலோ மதுரையிலோ ஒரு நர்சரிக்குள் நுழைந்தால், முன்வரிசையில் பெட்டூனியாவும் பான்சியும் டாலியாவும் பூத்துக் குலுங்கி நிற்கும். ஆசைப்பட்டு வாங்கிவந்து மொட்டைமாடியில் வைத்தால், சித்திரை பிறந்த சில நாட்களில் கருகிப்போகும். "எனக்குக் கைராசி இல்லை" என்று அதோடு தோட்ட ஆசையை மூட்டைகட்டி வைத்தவர்கள் பலர். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவை குளிர்ந்த இரவைக் கேட்கும் செடிகள். சென்னையின் ஏப்ரல் இரவு 26 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதே செடிகளைச் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்குக் கொண்டுபோனால் மே மாதம் முழுக்கப் பூக்கும்.

எனவே விதை உறையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மாதத்தை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் ஊரின் இரவு எவ்வளவு குளிர்கிறது, உறைபனி உண்டா, உச்சி வெயில் எப்போது தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். முதல்முறை பூச்செடி வளர்ப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். பெரும்பகுதி சமவெளி மாடித்தோட்டத்துக்கானது. மலை ஊர்களுக்கு எங்கே வழி பிரிகிறதோ அங்கங்கே சொல்கிறேன். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு.

படி 1: இடத்தைப் பாருங்கள்

பூச்செடிக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். சமவெளியில் அது காலை வெயிலாக இருப்பது நல்லது. கிழக்குப் பார்த்த பால்கனி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மேற்குச் சுவரோரம் மாலை நான்கு மணி வெயில் அடிக்கும் இடத்தில் அனுபவம் வரும்வரை எதையும் வைக்க வேண்டாம்.

மொட்டைமாடியில் பலரும் கவனிக்காத விஷயம் தரைச்சூடு. கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவிலும் வெளியிட்டுக்கொண்டே இருக்கும். தொட்டியை நேரே தரையில் வைத்தால் வேர் அந்தச் சூட்டிலேயே கிடக்கும். இரண்டு செங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள். அடியில் காற்று போகும், தண்ணீரும் வடியும்.

படி 2: ஊருக்கு ஏற்ற செடி

சமவெளிக்கு என் முதல் தேர்வு ஜினியா, செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, நித்தியகல்யாணி, பிறகு டேபிள் ரோஸ் என்று விற்கப்படும் பத்துமணிப் பூ. ஜினியாவுக்கும் செண்டுமல்லிக்கும் பூர்வீகம் மெக்சிகோ, நித்தியகல்யாணிக்கு மடகாஸ்கர். வெயில் இவற்றுக்குப் புதிதல்ல. ஒரு எச்சரிக்கை: நித்தியகல்யாணியின் இலை, தண்டு, வேர் எல்லாமே நச்சு. புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் எடுக்கப்படுவதே இதிலிருந்துதான். எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடி வேண்டும் என்றால் காகிதப்பூ, இட்லிப்பூ, செம்பருத்தி போதும். காகிதப்பூவுக்குத் தண்ணீர் குறைந்தால்தான் நிறம் கூடும். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி, "இலைதான் வருகிறது, பூவே இல்லை" என்று புலம்புபவர்கள் தொட்டியை ஓரிரு வாரம் நன்றாகக் காயவிட்டுப் பார்க்கலாம்.

சாமந்தியை மட்டும் இந்தப் பருவத்தில் வாங்காதீர்கள். அது இரவு நீளும்போது மொட்டுவிடும் செடி. கோடையில் பகல் நீண்டுகொண்டே போவதால் இலையை மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கும்.

உதகை, கொடைக்கானல் வாசிகளுக்குப் பெட்டூனியா, பான்சி, டாலியா, ஜெரேனியம், பிகோனியா என்று பட்டியல் நீளும். அங்கே ஜினியாவுக்கு ஆசைப்பட வேண்டாம். ஈரமும் குளிரும் சேர்ந்தால் அதன் இலையில் சாம்பல் நோய் பிடித்துவிடும்.

படி 3: மண் கலவை

மாடிக்குச் செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே பயன்படுத்தாதீர்கள், அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். நாற்று ஏன் இலைநுனி கருகி நிற்கிறது என்று தெரியாமல் உரத்தைக் குறைசொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கலவை சரியா என்று கையாலேயே தெரிந்துகொள்ளலாம். லேசாக ஈரப்படுத்தி ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குங்கள். கையைத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும். கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். நின்றது நின்றபடியே இருந்தால் களி அதிகம், கொஞ்சம் மணல் சேருங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் நார்க்கழிவும் உரமும் போதவில்லை.

மலையில் நார்க்கழிவைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் மணல் போடுங்கள். கோடை மழை வரும் ஊரில் ஈரத்தைப் பிடித்துவைக்கத் தேவையில்லை, வடிய வைப்பதே முக்கியம்.

படி 4: விதைப்பு

சமவெளியில் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிவதற்குள் விதைத்துவிட வேண்டும். செண்டுமல்லியும் ஜினியாவும் விதைத்து ஏறக்குறைய 2 மாதத்தில் பூக்கும். பங்குனி, சித்திரையில் பூவைப் பார்க்க வேண்டும் என்றால் தை, மாசியில் விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்குப் பத்துமணிப் பூ இருக்கிறது. விரல் நீளத் தண்டைக் கிள்ளி மண்ணில் செருகினால் ஏப்ரலில்கூடப் பிழைத்துக்கொள்ளும்.

குழித்தட்டில் குழிக்கு ஓரிரு விதை. ஜினியா, செண்டுமல்லி விதைகளின்மேல் அரை சென்டிமீட்டர் மண் போதும். நித்தியகல்யாணி விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். விதைத்து, ஈரமான செய்தித்தாளைப் போர்த்தி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். பெட்டூனியா நேர்மாறு. தூசுபோல இருக்கும் அதன் விதைக்கு வெளிச்சம் வேண்டும். மண்ணின்மேல் தூவி லேசாக அழுத்திவிட்டால் போதும், மூடக்கூடாது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டு "விதை மட்டம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

விதைத்த தட்டைச் சுற்றி எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். செண்டுமல்லி விதையை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்விடும். தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் கால்வைத்த பலகையின்மேல் வைத்தால் தொல்லை தீரும்.

முளைத்த பிறகு வரும் பெரிய ஆபத்து நாற்றழுகல். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலையில் படுத்திருக்கும். குனிந்து பார்த்தால் மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூலாக மெலிந்து பழுப்பாகியிருக்கும். அந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் இருப்பவற்றைக் காப்பாற்றலாம். விழுந்ததை எடுத்தெறிந்துவிட்டு, மேலே தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, தட்டைச் சிறிது நேரம் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். விதைக்கும்போதே மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மைசெய்யும் பூஞ்சையைக் கலந்துவைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

உதகையில் கணக்கே வேறு. உறைபனி பிப்ரவரியிலும் விழலாம் என்பதால், பிப்ரவரியில் கண்ணாடி ஜன்னலோரத்திலோ பாலித்தீன் கூரைக்கு அடியிலோ விதைத்து, மார்ச் பிற்பகுதியில் வெளியே நடுவதுதான் பத்திரம். மே மாத மலர்க் கண்காட்சியின்போது அரசு தாவரவியல் பூங்காவில் பார்க்கும் பூக்களெல்லாம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிய வேலை.

படி 5: நாற்று நடவும் நுனி கிள்ளலும்

நான்கு இலைகள் விரிந்ததும் நடலாம். மாலையில் நடுங்கள். வேரோடு இருக்கும் மண் உடையாமல் தட்டின் அடியிலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். ஜினியாவுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. செண்டுமல்லியைச் சற்று ஆழமாக, தண்டின் கீழ்ப்பகுதி புதையும்படி நட்டால் அங்கேயும் வேர்விட்டு உறுதியாக நிற்கும். செடிக்கு 8 அங்குலத் தொட்டி. முதல் நான்கைந்து நாட்களுக்கு நிழல்வலையின் கீழ் வைத்துப் பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நுனியைக் கிள்ள வேண்டும். புதியவர்கள் தவறவிடும் படி இது. ஜினியாவில் அடியிலிருந்து மூன்றாவது இலைச் சோடியைக் கண்டுபிடியுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் கடுகளவு பச்சை முளை இரண்டு பக்கமும் தெரியும். அந்தச் சோடிக்குச் சற்று மேலே நகத்தால் கிள்ளுங்கள், முதல் மொட்டு வந்திருந்தாலும் சரி. ஒரு வாரத்தில் அந்த இரண்டு முளைகளும் இரண்டு கிளைகளாகும். ஒற்றைப் பூவோடு நெட்டையாகச் சாய்ந்து நின்றிருக்க வேண்டிய செடி புதராகிவிடும். கோழிக்கொண்டையை மட்டும் கிள்ளக்கூடாது. நடுத்தண்டின் தலையில் வரும் கொண்டைதான் அதன் அழகே.

படி 6: தண்ணீரும் உரமும்

ஏப்ரல், மே மாதங்களில் காலை 7 மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று வேண்டாம். சிறிய தொட்டி என்றால் மாலையிலும் ஒருமுறை தேவைப்படும். மதியம் இலை தொங்கினால் உடனே வாளியைத் தூக்காதீர்கள். மண் ஈரமாக இருந்தும் வெயில் தாங்காமல் இலை தளர்வது உண்டு, பொழுது சாய்ந்ததும் தானே நிமிரும். அந்த நேரத்தில் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். மாடித்தொட்டியிலிருந்து வரும் குழாயில் முதலில் கொதிநீர்தான் வரும், அதை வழியவிட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம் என்றால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரியும். மாதம் ஒருமுறை, அடித்துளை வழியாக நன்றாக ஓடும்வரை நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

உரத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நாற்றம் வரும், அடுத்த வீட்டாருடன் நல்லுறவு வேண்டும் என்றால் மாலை இருட்டிய பிறகு ஊற்றுங்கள். மொட்டு வைத்த பிறகு இதைக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலைதான் செழிக்கும்.

மலையில் தண்ணீர் ஊற்றுவதைவிட மழையிலிருந்து காப்பதுதான் வேலை. பெட்டூனியா தொட்டிகளைக் கூரை இறவாணத்துக்கு உள்ளே தள்ளி வையுங்கள். டாலியாவுக்கு நடும்போதே குச்சி ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். அங்கே பலர் வீட்டில் இருக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பற்றி ஒரு வார்த்தை: மண்ணில் அமிலத்தன்மை இருந்தால் அலுமினியம் கரைந்து செடிக்குள் போய்ப் பூ நீலமாகும். நீலகிரி மண் அப்படிப்பட்டது. தொட்டியில் சுண்ணாம்புத் தூள் சேர்த்துக்கொண்டே வந்தால் அடுத்தடுத்த பருவங்களில் இளஞ்சிவப்புக்கு மாறும். வெள்ளை ரகம் மட்டும் எதற்கும் அசையாது.

படி 7: பூச்சியும் வாடிய பூவும்

கோடையின் பெரிய எதிரி செஞ்சிலந்தி. இலை மங்கிப் புள்ளிபுள்ளியாக வெளுத்தால் ஒரு வெள்ளைத்தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் இதுவே போதும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

வாடிய பூவைச் செடியிலேயே விட்டால் செடி விதை கட்டப் போய்விடும், புது மொட்டு குறையும். இதழ் நிறம் மங்கியதும் கீழே இருக்கும் முதல் இலைச் சோடிவரை வெட்டிவிடுங்கள்.

குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு

டொரண்டோ போன்ற ஊரில் வசந்தம் என்பது காத்திருப்பு. ஏப்ரலில் ஒருநாள் வெயில் அடித்ததும் நாற்றை வெளியே நட்டுவிட்டு, அடுத்த வாரப் பனியில் இழப்பது வழக்கமான கதை. மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை வரும் விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகே ஜினியாவையும் செண்டுமல்லியையும் வெளியே நடுவது அங்கே பழகிப்போன கணக்கு. ஏப்ரல் நடுவில் வீட்டுக்குள் விளக்கொளியில் விதைத்தால் சரியாக இருக்கும். வெளியே நடுவதற்கு முன் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள்வரை, முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு என்று வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். பொறுமை இல்லாதவர்கள் ஏப்ரல் கடைசியிலேயே பான்சியை நடலாம், லேசான உறைபனியைத் தாங்கும்.

டூலிப் கிழங்கை வசந்தத்தில் வாங்கி நட முடியாது. பல வாரக் குளிரை மண்ணுக்குள் இருந்து அனுபவித்தால்தான் அது பூக்கும் என்பதால் அக்டோபரிலேயே நட்டிருக்க வேண்டும். டாலியா கிழங்கு நேரெதிர். மே கடைசியில் நட்டு, இலையுதிர்காலத்தின் முதல் உறைபனியில் இலை கருகியதும் தோண்டியெடுத்து, மண்ணை உதறி, உறையாத குளிர்ந்த அறையில் காகிதப் பெட்டிக்குள் வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.

சமவெளிக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. அக்னி நட்சத்திரம் நெருங்கும்போது ஜினியாவில் நல்ல நிறமுள்ள இரண்டு பூக்களை மட்டும் வெட்டாமல் செடியிலேயே காயவிடுங்கள். பழுப்பாகி நொறுங்கும் பதத்தில் பறித்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு நிறத்தையும் மாதத்தையும் மேலே எழுதிவையுங்கள். உறையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து வந்த செடி என்றால் அடுத்த தலைமுறை அதே நிறத்தில் வராது. நாட்டு ரகமாக இருந்தால் தை மாதம் விதைக்கு அலைய வேண்டியதில்லை.