வட்டி குறைந்தால் இஎம்ஐயைக் குறைக்காதீர்கள்

வீட்டுக் கடன் வட்டி குறையும்போது, "இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், மாதங்களைக் குறையுங்கள்" என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். 30 லட்ச ரூபாய், 20 ஆண்டு, 9% வட்டி என்றால் இஎம்ஐ சுமார் 27,000. கடனின் ஆரம்பத்திலேயே வட்டி 8% ஆகி, இஎம்ஐயைக் குறைத்தால் மாதம் 1,900 ரூபாய்தான் கையில் நிற்கும். அது மளிகைக் கடையிலேயே கரைந்துவிடும். பழைய இஎம்ஐயையே கட்டினால் கடன் ஏறக்குறைய 3 ஆண்டு முன்னதாக முடியும். வட்டியில் 5 லட்சத்துக்கும் மேல் மிச்சம்.

கொரோனா அடியில் ரிசர்வ் வங்கி 2020 மே மாதம் ரெப்போவை, அதாவது வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டியை, 4% ஆக இறக்கியது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.5% ஆக ஏறிவிட்டது, வீட்டுக் கடன் வட்டியும் கூடவே ஏறியது. அப்போது பலருக்கு இஎம்ஐ மாறவில்லை, மாதங்கள்தான் சத்தமில்லாமல் கூடின. அதனால் இப்போதே உங்கள் கடன் ஸ்டேட்மென்ட்டில் மீதி மாதங்கள் எத்தனை என்று பாருங்கள், இது ரொம்ப முக்கியம்.

நிலையான வட்டிக் கடனுக்கு இது பொருந்தாது. வேலை ஆட்டம் காண்கிறது, ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லை, அல்லது கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறது என்றால் இஎம்ஐயையே குறைத்துக்கொள்ளுங்கள்.