கீறலை எண்ணி மதிப்பெண் போடாதீர்கள்: மௌனப்பட ப்ளூ-ரேயை எடைபோடும்போது நேரும் தவறுகள்

மௌனப்பட ப்ளூ-ரே ஒன்றைப் போட்டதும் பலர் முதலில் தேடுவது கீறலைத்தான். கீறல் இல்லையென்றால் நல்ல மீட்டெடுப்பு, இருந்தால் மோசம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தக் கணக்குப்படி போனால் மிக நேர்மையாகச் செய்த வேலைகள் தோற்கும், ஃபிலிமின் உயிரையே துடைத்தெடுத்த வேலைகள் ஜெயிக்கும். முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் படம் எந்தப் பிரதியிலிருந்து வந்தது?

'மெட்ரோபோலிஸ்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1927 ஜனவரியில் பெர்லினில் முழுதாகத் திரையிட்ட படத்தைச் சில மாதங்களிலேயே வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெட்டுப்பட்டதில் சுமார் 25 நிமிடம் 2008-இல் புவனோஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 எம்எம் டூப் நெகட்டிவாக (நகல் நெகட்டிவாக) கிடைத்தது. ஓடித் தேய்ந்த 35 எம்எம் பிரிண்டை அப்படியே சிறிதாக்கி எடுத்த நகல் அது. ஃபிலிமின் முதுகுப்பக்கம் கீறல் இருந்தால் 'வெட் கேட்' முறையில் சரிசெய்யலாம். நகலெடுக்கும்போது திரவம் அந்தப் பள்ளத்தை நிரப்புவதால் கீறல் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆனால் இங்கே பழைய பிரிண்டின் கீறல்கள் நகலில் படமாகவே பதிந்துவிட்டன. அவற்றை முழுக்க நீக்கினால் அடியில் இருப்பதைக் கணினி ஊகித்து வரைந்தாக வேண்டும். 2010 பதிப்பைச் செய்தவர்கள் ஓரளவோடு நிறுத்திக்கொண்டார்கள். 16 எம்எம்மில் விடுபட்ட சட்டகப் பகுதியையும் கறுப்பாகவே விட்டிருக்கிறார்கள். அதனால் அந்த ஷாட்கள் வரும்போது மழைக்கோடுகளும் கறுப்பு ஓரமும் தெரியும். அவை எந்தப் பகுதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குச் சொல்லும் அடையாளங்கள்.

இதே காரணத்தால் முதல் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. 'டாக்டர் காலிகாரி' (1920) படத்தின் 2014 மீட்டெடுப்பு கேமரா நெகட்டிவிலிருந்தே (படப்பிடிப்பில் கேமராவுக்குள் ஓடிய அசல் ஃபிலிமிலிருந்தே) 4கே தரத்தில் செய்யப்பட்டது. ஆனால் அந்த நெகட்டிவில் முதல் ரீல் இல்லாததால் அதை வேறு பிரிண்ட்களைக் கொண்டு நிரப்பினார்கள். தொடக்கத்தைப் பார்த்துவிட்டு 'மங்கல்' என்று மூடிவைப்பவர், அதன்பின் திடீரெனத் துலங்கும் துணி மடிப்புகளையும் சுவரில் தீட்டிய தூரிகைத் தடங்களையும் இழந்துவிடுவார். மூன்றாவது, ஐந்தாவது ரீல்களிலிருந்தும் ஒவ்வொரு காட்சி பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வட்டைக் குறை சொல்வதற்கு முன் டிவியைச் சரிசெய்யுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுங்கள். ஷார்ப்னெஸ்ஸைக் கூடுதல் கூர்மை சேர்க்காத நிலைக்குக் கொண்டுவாருங்கள் (பல டிவிகளில் அது பூஜ்யம்). படம் 4:3 ஆக, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு தெரிய வேண்டும். திரை நிறைய வேண்டுமென்று இழுத்துவைத்தால் எல்லோரும் குண்டாகத்தான் தெரிவார்கள்.

அடுத்த தவறு, கிரெய்னை, அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் துகளை, அழுக்கு என்று நினைப்பது. ஃபிலிமில் படம் என்பதே அந்த வெள்ளித் துகள்கள்தான். துகளைத் துடைத்தால் தோலின் நுண்துளையும் கம்பளித் துணியின் இழையும் சேர்ந்தே போய்விடும். 'ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) படத்தில் நடிகர்கள் ஒப்பனை இல்லாமல் நடித்தார்கள். நெருக்கக் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். உதட்டு வெடிப்பும் கன்னத்துப் புள்ளிகளும் தெரிந்தால் வட்டு நன்றாக இருக்கிறது. முகம் மெழுகுபோல் வழுக்கினால் துடைத்துவிட்டார்கள் என்று பொருள். கறுப்பு உருவத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால், கூர்மையைச் செயற்கையாக ஏற்றியிருக்கிறார்கள்.

தானியங்கித் தூசு நீக்கம் இன்னும் மோசமான சேதத்தைச் செய்யும். ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் தோன்றி மறையும் எதையும் மென்பொருள் தூசு என்றே எடுத்துக்கொள்ளும். பறக்கும் நீர்த்துளி, வீசியெறிந்த பந்து, துப்பாக்கிப் பொறி, சுழலும் சக்கரத்தின் ஆரம் எல்லாம் அப்படித்தான் காணாமல் போகின்றன. சண்டைக் காட்சியையோ மழைக் காட்சியையோ ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். வாளின் நுனி இரண்டு ஃபிரேம் இருந்து, மூன்றாவதில் இல்லாமல், நான்காவதில் திரும்பி வந்தால் மனிதக் கண் யாரும் சரிபார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. வானம் வெள்ளையாக வெளுத்திருக்கிறது, உதடு கறுத்திருக்கிறது, ஆகவே காப்பி மோசம் என்பார்கள். 1920-களின் நடுப்பகுதி வரை பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் வெள்ளையாக விழும். அதில் எடுத்த நீலவானம் அப்படித்தான் இருக்கும். நகலுக்கு நகல் எடுத்ததால் வந்த வெளுப்பா என்று அறிய வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். மடிப்பு தெரிந்தால் பிரதி நன்றாக இருக்கிறது. சட்டை வெறும் வெள்ளைத் திட்டாகி, கறுப்புக் கோட்டும் இருட்டுக்குள் கரைந்தால் அது பல தலைமுறை தாண்டிய நகல்.

வேகத்தில்தான் குழப்பம் அதிகம். 'மௌனப்படம் என்றால் நொடிக்கு 16 ஃபிரேம்' என்பது பாதி உண்மை. நொடிக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு எட்டு ஃபிரேம் என்று கைப்பிடியைச் சுற்றிய காலத்துக் கணக்கு அது. இருபதுகளில் வேகம் ஏறிக்கொண்டே போனது, தியேட்டரில் எடுத்ததைவிட வேகமாக ஓட்டுவதும் வழக்கம். 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் 2012 பிரிட்டிஷ் ப்ளூ-ரே 20, 24 என இரண்டு வேகங்களிலும் படத்தைத் தருகிறது. வேகத்தைப் பற்றி விவரம் அறிந்தவர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இதனால் 'நீளமான வட்டுதான் முழுமையானது' என்று எண்ணுவதும் தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 எம்எம் ஃபிலிமில் மீட்டருக்குச் சுமார் 52.5 ஃபிரேம். 'நொஸ்ஃபெராட்டு' (1922) படத்தின் நீளம் 1,967 மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,03,270 ஃபிரேம். நொடிக்கு 18 என ஓட்டினால் 96 நிமிடம், 24 என ஓட்டினால் 72 நிமிடம். ஒரு ஷாட்கூடக் குறையாமலே 24 நிமிட வித்தியாசம் வந்துவிடுகிறது. நிமிடத்தை ஒப்பிடாமல் ஷாட்டுகளை ஒப்பிடுங்கள்.

மெதுவான வேகத்தை 24 ஃபிரேம் வட்டில் ஏற்றச் சரியான வழி, சில ஃபிரேம்களை இரட்டிப்பது. 18 என்றால் ஒவ்வொரு மூன்றாவது ஃபிரேமும், 20 என்றால் ஒவ்வொரு ஐந்தாவதும் இருமுறை வரும். நடக்கும் கால் ஒன்றை நிறுத்தி நிறுத்தி நகர்த்தினால் இதை எண்ணியே பார்க்கலாம். விஎல்சி பிளேயரில் 'ஈ' விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். ஒரு காலுக்குப் பதில் இரண்டு மங்கலான கால்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால், இரண்டு ஃபிரேம்களைக் கலந்துவிட்டார்கள். பழைய டிவிடிகளில், அமெரிக்க வீடியோ முறைக்கும் ஐரோப்பிய முறைக்கும் இடையே மாற்றும்போது இது நிறைய நடந்தது. இணையத்தில் சுற்றும் '60 ஃபிரேம் 4கே' பதிப்புகளில் இடைப்பட்ட ஃபிரேம்கள் கேமரா பார்க்காதவை. அவற்றை மீட்டெடுப்பு என்று சொல்வதே தவறு.

வண்ணத்துக்கு வருவோம். 'பழைய படம்தானே, கறுப்பு வெள்ளைதான் அசல்' என்ற நம்பிக்கை பல படங்களைக் கெடுத்திருக்கிறது. 'நொஸ்ஃபெராட்டு'வில் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, பிரிண்டை நீலச் சாயத்தில் முக்கினார்கள். நீலத்தை நீக்கிய வட்டில், வெயில் பட்டால் அழியும் ரத்தக் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. கதையே பிழையாகிவிடுகிறது. சாயம் இருந்தால் மட்டும் போதாது, அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். டின்டிங்கில் வெள்ளைப் பகுதி நிறமேறும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். டோனிங்கில் தலைகீழ்: நிழல் நிறம் கொள்ளும், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். டின்டிங் என்று சொல்லிவிட்டு, நீலக் காட்சியின் ஆழ்ந்த கறுப்புகூட நீலமாக ஒளிர்ந்தால் கணினியில் ஒரு நிறத்தாளைப் போர்த்தியிருக்கிறார்கள்.

சட்டகத்தின் இடது ஓரத்தையும் கவனியுங்கள். பிற்காலத்தில் ஒலித்தடம் சேர்த்து அச்சிட்ட பிரிண்ட்களில் அந்தப் பக்கம் ஒரு பட்டை வெட்டுப்பட்டிருக்கும். நடுவில் நிற்க வேண்டியவர் எப்போதும் ஒரு பக்கம் ஒதுங்கியே நின்றால், வசனம் காட்டும் எழுத்து அட்டையில் இடது விளிம்பு வலதைவிடக் குறுகலாக இருந்தால், காரணம் அதுதான்.

வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தையும் கையேட்டையும் படியுங்கள். எந்தக் காப்பகம், நெகட்டிவா பிரிண்டா, எந்த ஆண்டு மீட்டெடுப்பு, என்ன வேகம், எழுத்து அட்டைகள் அசலா புதிதாகச் செய்தவையா என்று இருக்க வேண்டும். 'டிஜிட்டலில் புதுப்பித்தது' என்ற ஒற்றை வரியைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் அந்த வட்டை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.