களத்தில் கிடக்கும் தேங்காயை போட்டோவிலிருந்து எண்ணுவது எப்படி

பேராவூரணிப் பக்கம் எங்கள் களத்தில் போன வெட்டின்போது நாங்கள் எண்ணியதற்கும் வியாபாரியின் ஆள் எண்ணியதற்கும் 40 காய் வித்தியாசம் வந்தது. இரண்டு பேருமே நேர்மையாகத்தான் எண்ணினோம், ஆனால் வெயிலில் குனிந்து 2,000 காய் எண்ணினால் யாருக்கும் கணக்கு தவறும். அன்றிலிருந்து மாடியில் நின்று போட்டோ எடுத்து கம்ப்யூட்டரை எண்ண வைக்கிறேன். இதற்கு ஏஐ மாடல் எதையும் பழக்க வேண்டியதில்லை. உரித்த காய் எவ்வளவு பெரிது என்பது நமக்கு முன்னாலேயே தெரியும், முக்கால்வாசி வேலையை அதுவே முடித்துக் கொடுத்துவிடும். பைத்தான் மொழியும், படங்களைக் கையாளும் ஓபன்சிவி என்ற நிரல் தொகுப்பும் ஓரளவு பழகியிருந்தால் போதும்.

முதலில் போட்டோ. காய்களை ஒரே அடுக்காகப் பரப்புங்கள், குவியலை மேலிருந்து யாராலும் எண்ண முடியாது. கேமரா நேர் கீழே பார்க்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் களத்தின் ஒரு பக்கத்துக் காய் பெரிதாகவும் மறுபக்கத்துக் காய் சிறிதாகவும் விழும், அப்புறம் அளவை வைத்துத் தேடுவது வீண். காலை வெயில், மாலை வெயில் இரண்டும் வேண்டாம். நீண்ட நிழலின் விளிம்பும் வளைவாகத்தான் இருக்கும், கம்ப்யூட்டர் அதையும் காய் என்று எடுத்துக்கொள்ளும். மேகம் மூடிய நேரம்தான் நல்லது. களத்தில் 30 செ.மீ. ஸ்கேல் ஒன்றைப் போட்டு வையுங்கள். போட்டோவில் அது 150 பிக்சல் நீளம் இருந்தால் ஒரு செ.மீ.க்கு 5 பிக்சல், 10 முதல் 12 செ.மீ. குறுக்களவுள்ள காயின் ஆரம் 25 முதல் 30 பிக்சல்.

அடுத்து, நிறம். எல்லோரும் படத்தை அப்படியே கருப்பு வெள்ளையாக மாற்றுவார்கள். நான் நீலச் சேனலை, அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் நீலம் எவ்வளவு என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பழுப்பு நிறத்தில் நீலம் மிகக் குறைவு, சிமெண்டுத் தரையில் மூன்று நிறமும் ஏறக்குறைய சமம், அதனால் காய் கருப்பாகவும் தரை வெளுப்பாகவும் நன்றாகப் பிரிந்து நிற்கும். பிறகு 5 அல்லது 7 பிக்சல் அளவில் மீடியன் ஃபில்டர் (ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றியுள்ளவற்றின் நடு மதிப்பைப் போடுவது) போடுங்கள், ஒட்டியிருக்கும் நாரெல்லாம் மழுங்கிவிடும். குடுமி கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, ஏன் என்பது கீழே புரியும்.

இப்போது முக்கியமான இடம். முளைக்குச்சியில் கட்டிய மாடு மேய்ந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். குச்சியைப் பிடுங்கிய பிறகு வந்து பார்க்கிறீர்கள், மேய்ந்த வட்டத்தின் விளிம்பு மட்டும் தெரிகிறது, கயிற்றின் நீளமும் தெரியும். விளிம்பில் ஓர் இடத்தில் நின்று கயிறு நீளத்துக்கு ஒரு வட்டம் போட்டால் முளை அந்த வட்டத்தில் எங்கோ இருந்திருக்கும். இன்னோர் இடத்தில் நின்று இன்னொரு வட்டம், இன்னொன்று, இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனால் எல்லா வட்டமும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும், அதுதான் முளை இருந்த இடம். விளிம்புப் பிக்சல் ஒவ்வொன்றும் இப்படி ஓட்டுப் போடுவதுதான் ஹஃப் உருமாற்றம். குடுமி கெடுக்கும் ஓட்டு சில, மீதி விளிம்பின் ஓட்டு நூற்றுக்கு மேல், அதனால் மையம் நகராது. இயற்பியலாளர் பால் ஹஃப் 1962-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அணுத்துகள்கள் விட்டுச்செல்லும் நேர்கோடுகளைப் படத்தில் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். டூடா, ஹார்ட் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 1972-இல் அதை வளைவுகளுக்கும் நீட்டினார்கள்.

இதையே சிக்னல் கண்ணோடு பார்த்தால் இன்னும் எளிது. ஆரம் நிலையாக இருக்கும்போது இந்த ஓட்டுப் பதிவு, விளிம்புப் படத்தை ஒரு வளையத்தோடு கன்வல்யூஷன் செய்வதுதான் (வளையத்தைப் படமெங்கும் நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் அதன் கீழ் விழும் விளிம்புப் பிக்சல்களைக் கூட்டுவது), வேறொன்றும் இல்லை. கேனி என்ற விளிம்பு கண்டுபிடிக்கும் முறையைப் போட்டு விளிம்புகளை எடுங்கள், 25 முதல் 30 வரை ஒவ்வோர் ஆரத்துக்கும் ஒரு பிக்சல் தடிமனில் ஒரு வளையம் வரைந்து, அதை ஓபன்சிவியின் கன்வல்யூஷன் கட்டளையான ஃபில்டர்2டி-க்குக் கொடுங்கள். பெரிய வளையம் என்றால் அது தானாகவே ஃபூரியர் வழிக்கு (படத்தை அலைகளாகப் பிரித்து வேகமாகக் கணக்கிடுவது) போய்விடும், அப்போது ஆரம் பெரிதானாலும் நேரம் அவ்வளவாக அதிகரிக்காது. பெரிய ஆரத்துக்கு விளிம்பும் நீளம், ஓட்டும் அதிகம் விழும், ஆகவே வளையத்தில் உள்ள பிக்சல் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். ஆறு விடைகளிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் பெரியதை எடுத்துக்கொண்டு, அதில் உச்சங்களைத் தேடுங்கள்.

ஒட்டிக் கிடக்கும் காய்கள்தான் தொல்லை. ஒரே அடுக்கில் இரண்டு காயின் மையங்கள் ஒரு குறுக்களவைவிட நெருங்கவே முடியாது, ஆகவே ஓர் உச்சத்தை எடுத்ததும் அதைச் சுற்றிச் சிறிய காயின் ஆரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள் உள்ளதையெல்லாம் அழித்துவிடுங்கள்.

எழுத நேரமில்லை என்றால் ஓபன்சிவியின் ஹஃப்சர்க்கிள்ஸ் இருக்கிறது, இதே ஓட்டுக் கதைதான். அதில் ஆரத்தின் இரண்டு எல்லைகளையும், மையங்களுக்கு இடையே குறைந்தபட்ச தூரத்தையும் கட்டாயம் கொடுங்கள். பாரம்2 என்பதுதான் ஓட்டின் வரம்பு: குறைத்தால் தரை விரிசலெல்லாம் காயாகும், கூட்டினால் காய் காணாமல் போகும். கையால் எண்ணிய 100 காயுள்ள ஒரு மூலையை வைத்து அதைச் சரிசெய்து, வேறொரு மூலையில் சோதியுங்கள். எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதீர்கள், விட்டுப்போன ஐந்தும் பொய்யான ஐந்தும் சேர்ந்து கணக்கைச் சரிபோலக் காட்டிவிடும். கிடைத்த வட்டங்களைப் படத்தின் மேலேயே வரைந்து, வியாபாரியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

கஜா புயல் வந்த 2018-க்குப் பிறகு தோப்பை ட்ரோனில் எடுத்து மரம் எண்ணலாமா என்று பலர் கேட்கிறார்கள். எண்ணலாம், ஆனால் வளையத்தை வைத்து அல்ல. தென்னையின் தலை மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி, வட்டமான விளிம்பே கிடையாது. அதற்கு, குறிப்பிட்ட அளவுள்ள திட்டுகளைத் தேடும் காஸியன் லாப்லாசியன் ஃபில்டர் போட வேண்டும், தலையின் ஆரத்தை 1.41-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த ஃபில்டரின் அகலத்தைக் குறிக்கும் சிக்மா. மரங்களுக்கு இடையே 25 அடி விட்டு நட்ட தோப்பு என்றால், அந்த 25 அடிதான் அங்கே உங்களுக்குக் கயிறு.