அரசியல்வாதியின் எண்ணெய் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

திருகோணமலையில் மாணவர்களுக்கு அரசியல்வாதி ஒருவரின் ஓவியத்தைக் காட்டினால் முதலில் வருவது "சேர், ஆள் மாதிரியே இல்லையே?" என்ற கேள்விதான். தேர்தல் சுவரொட்டிகளைப் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் கேட்கும். உணர்ச்சியை முன்வைத்து வரைந்த படத்தில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பழகுவதற்கு, கிரகாம் சதர்லாந்து 1954இல் வரைந்த வின்ஸ்டன் சர்ச்சில் படத்தை எடுப்போம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டபோது பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் இவர். படத்தின் வண்ணப் பிரதி இணையத்தில் கிடைக்கும். முடிந்தால் பெரிய திரையில் பாருங்கள்.

படி 1: ஆள் யார் என்பதை மறந்துவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் தாளில் எழுதுங்கள். "கோபமாக இருக்கிறார்" என்று எழுதவேண்டாம். "உதடு இறுகியிருக்கிறது" என்று எழுதுங்கள்.

படி 2: கைகளுக்கு வாருங்கள். கமராவுக்கு முகத்தைச் சரிசெய்யப் பழகியவர்கள் அரசியல்வாதிகள்; கைகள் அவ்வளவு லேசில் அடங்குவதில்லை. இங்கே இரண்டு கைகளும் கதிரையின் கைப்பிடிகளை அழுத்திப் பிடித்திருக்கின்றன. எழும்பப் போகிறவரின் பிடியா, சாய்ந்துவிடாமல் இருக்கப் பிடித்த பிடியா? அப்படியே கீழே இறங்குங்கள். கால்கள் படத்தின் அடியில் தெளிவில்லாமல் கரைந்துபோகின்றன. மேலே அவ்வளவு பாரமான உடம்பு, கீழே ஊன்றி நிற்க இடமில்லை. எனக்கு இந்தப் படத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. "கதிரையை விட மனமில்லாத ஆள்" என்றாள் ஒரு மாணவி. அந்தக் கைகளைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை.

படி 3: பின்னணி மஞ்சளும் மண்ணிறமும்தான். கொடி இல்லை, பாராளுமன்றம் இல்லை. எதையெல்லாம் ஓவியர் விட்டிருக்கிறார் என்றும் குறியுங்கள். அசல் எண்ணெய் ஓவியம் ஒன்று கிடைத்தால், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஓரமாக நின்று பாருங்கள். சாயம் தடித்த இடங்களில் சின்ன நிழல் விழும். ஓவியர் எங்கே அழுத்தினார், எங்கே மெல்லத் தடவிவிட்டுப் போனார் என்பது அப்போது பிடிபடும்.

படி 4: இனி வரலாறு. சர்ச்சிலின் 80ஆவது பிறந்தநாளுக்குப் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் கொடுத்த பரிசு இது. அதற்கு முந்தைய வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது, பொதுமக்களுக்குச் சொல்லவில்லை. 1955 ஏப்ரலில் பதவி விலகினார். படம் அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. பிறகு அவர் மனைவி அதை அழிக்கச் செய்துவிட்டார். எஞ்சியவை புகைப்படங்களும் முன்வரைவுகளும்தான்.

இதெல்லாம் தெரிந்ததும் படத்துக்குள் கண்டதையும் திணிக்கத் தோன்றும். கவனம்! நீங்கள் சொல்லும் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் முதல் தாளில் ஒரு வரி இருக்கவேண்டும். "பக்கவாதம் தெரிகிறது" என்றால் எந்த இடத்தில்? விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள்.

அடுத்து நம் நாட்டு அரசியல்வாதிகள் இருவரின் ஓவியங்களைத் தேடி இதே நான்கு படிகளையும் செய்யுங்கள். ஒருவர் நீங்கள் வாக்குப் போட்டவராகவும் மற்றவர் ஒருநாளும் போடமாட்டாதவராகவும் இருக்கட்டும். முதல் தாளை இருவருக்கும் ஒரே அளவு நேரம் எடுத்து எழுதுங்கள்.