பல் அளவை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்பவர்கள் செய்யும் தவறுகள்

ஆண்களின் பற்கள் சராசரியாகப் பெண்களின் பற்களைவிடக் கொஞ்சம் பெரியவை. எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி இல்லை. வித்தியாசம் அதிகம் தெரிவது கோரைப்பல்லில், அதிலும் கீழ்த்தாடைக் கோரைப்பல்லில். அதற்கடுத்து கடைவாய்ப்பற்கள். அதிகபட்சம் என்றாலும் சில சதவீதம்தான்; பெரும்பாலான பற்களில் அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய முடிவுகளுக்குத் தாவும்போதுதான் வம்பு. தடயவியல் பல் மருத்துவத்தில் ஆய்வு செய்யும் மாணவர்களும், பழைய எலும்புக்கூடு பற்றிய செய்தியைப் படிப்பவர்களும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள்.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். ஆணுக்குப் பெண்ணைவிடப் பற்கள் அதிகம் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். இருவருக்கும் 32தான். சில பற்கள் பிறவியிலேயே உருவாகாமல் போவது பெண்களிடம் சற்று அதிகம், ஆண்களிடமும் உண்டு. எண்ணிப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது எல்லாவற்றிலும் பெரிய தவறு: சராசரியைத் தனி ஆளின் மேல் ஏற்றுவது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். கீழ்க் கோரைப்பல்லின் அகலம் ஆண்களுக்குச் சராசரியாக 7 மி.மீ., பெண்களுக்கு 6.6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு தரப்பிலும் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் எண், 0.4 மி.மீ. உண்மையான அளவுகளும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். நடுவில் 6.8-ல் கோடு போட்டு, மேலே இருந்தால் ஆண், கீழே இருந்தால் பெண் என்று சொன்னால், பத்தில் ஏழு பேரைத்தான் சரியாகச் சொல்ல முடியும். நாணயத்தைச் சுண்டினாலே பத்தில் ஐந்து சரியாக வரும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆய்வேட்டில் 'வித்தியாசம் புள்ளியியல்படி முக்கியமானது' என்று எழுதியிருப்பது, இரண்டு குழுக்களின் சராசரி வேறு என்பதை மட்டுமே சொல்கிறது. மேசைமேல் இருக்கும் ஒற்றைப் பல் யாருடையது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

ஒரு பல் போதாது, பல பற்களின் அளவுகளைச் சேர்த்துச் சூத்திரம் போடலாமே என்றால், சரி, போடலாம். துல்லியம் கூடவும் செய்யும். ஆனால் நூறு பேரின் அளவுகளில் சூத்திரத்தை உருவாக்கிவிட்டு, அதே நூறு பேரிடமே சோதித்து, 'தொண்ணூறு சதவீதம் சரி' என்று எழுதுவது, கேள்வித்தாளைத் தானே எடுத்து, தானே பரீட்சை எழுதி, தானே திருத்திக்கொள்வது மாதிரி. சூத்திரம் பார்த்திராத வேறொரு கூட்டத்தில் சோதித்தால்தான் நிஜ எண் தெரியும். அது பெரும்பாலும் குறைந்தே வரும்.

நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் தலைப்பு ஒன்று உண்டு: கீழ்க் கோரைப்பல் குறியீடு. மாணவர்கள் எம்சிஐ என்பார்கள். கோரைப்பல்லின் அகலத்தை, இடது வலது கோரைப்பற்களின் முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தால் வகுப்பது. தென்னிந்தியர்களை வைத்து 1989-ல் வெளியான ஆய்வுக்குப் பிறகு இது பரவியது. செலவு இல்லை, காலிப்பர் என்ற அளவுக் கருவி ஒன்று போதும், அதனால் பிடித்துப்போனது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் இதன் பலவீனம் தெரியும். ஆணுக்குப் பல்லும் பெரியது, அந்தத் தூரமும் அதிகம். இரண்டும் ஒரே திசையில் மாறும்போது ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், தேடிவந்த வித்தியாசமே அடிபட்டுப் போகிறது. அந்தத் தூரம் ஆணுக்கு 26 மி.மீ., பெண்ணுக்கு 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆணுக்கு 7-ஐ 26-ஆல் வகுத்தால் 0.269. பெண்ணுக்கு 6.6-ஐ 25-ஆல் வகுத்தால் 0.264. இடைவெளி 0.005. அளக்கும்போது கை 0.1 மி.மீ. தவறினாலே குறியீடு 0.004 மாறிவிடும்! 2009-ல் வந்த ஒரு விமர்சனக் கட்டுரை இந்தக் குறையைத் தெளிவாக எடுத்துச் சொல்லியும், தலைப்பு ஓய்வதாக இல்லை. அகலத்தை அப்படியே பயன்படுத்துவது இதைவிட மேல்.

அளக்கும் கையும் கவனிக்க வேண்டியது. பற்கள் ஒன்றோடொன்று உரசும் பக்கங்கள் வயதாக ஆகத் தேயும். கரடுமுரடான உணவு தின்ற பழங்கால மக்களிடம் இது மிக அதிகம். அறுபது வயது ஆணின் தேய்ந்த பல்லை இருபது வயதுப் பெண்ணின் பல்லோடு ஒப்பிட்டால் விடை தலைகீழாகலாம். அதனால் தேய்ந்த பற்களில் பல்லின் கழுத்துப் பகுதியில், எனாமலும் வேரும் சந்திக்கும் கோட்டருகே, அளப்பதுதான் நல்லது. அடைத்த பல், கேப் போட்ட பல், காறை படிந்த பல் எதுவும் வேண்டாம். ஒரே பல்லை இரண்டு நாள் இடைவெளியில் மறுபடி அளந்து, தன் கை எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்காதவர் மற்ற எண்களைப் பேசுவதில் அர்த்தமில்லை. அப்புறம் தெத்துப்பல். வரிசையை விட்டு வெளியே நிற்பதால் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மேல் கோரைப்பல் தாமதமாக முளைப்பதால் சில வாய்களில் அதற்கு இடம் மிஞ்சுவதில்லை.

ஓர் ஊர் மக்களுக்குப் போட்ட சூத்திரத்தை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவதும் ஆபத்து. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பற்கள் உலகிலேயே பெரியவற்றில் சேர்ந்தவை. அங்கே பெண்ணின் பல்லே வேறு பல மக்களின் ஆண் சராசரியைத் தாண்டும்.

'ஆள் பெரிசு, அதனால் பல்லும் பெரிசு' என்பது பலரும் சொல்லும் காரணம். உயரத்துக்கும் பல் அளவுக்கும் தொடர்பு பலவீனமானது. பல்லின் மகுடம், அதாவது ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி, சிறுவயதிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது: முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வயது வாக்கில், கோரைப்பல்லுக்கு ஆறேழு வயதில். பருவ வயதில் பையன் வளரும்போது பல் கூடவே வளராது. காரணம் குரோமோசோம்களில் இருக்கிறது. பின்லாந்தின் பல் ஆய்வாளர் லாசி ஆல்வெசாலோ, கூடுதலாக ஒரு ஒய் குரோமோசோம் உள்ள ஆண்களுக்குப் பற்கள் இன்னும் பெரியவை என்றும், ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள பெண்களுக்குச் சிறியவை என்றும் காட்டினார். எக்ஸ் முக்கியமாக எனாமலை வளர்க்கிறது. ஒய் எனாமலோடு, அதற்கு உள்ளே இருக்கும் டென்டினையும் வளர்க்கிறது. ஆண் பல்லில் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் டென்டின்தான்.

இதில் ஒரு லாபமும் உண்டு. குழந்தைகளின் எலும்பில் ஆண் பெண் வேறுபாடு சரியாகத் தெரியாது. நிரந்தரப் பல்லிலோ அப்போதே இருக்கிறது. ஆனால் ஒன்று, முளைத்துக்கொண்டிருக்கும் பல்லின் உயரத்தை அளக்காதீர்கள். சிறுமிகளுக்குக் கோரைப்பல் ஏறக்குறைய ஒரு வருடம் முன்னதாகவே வந்துவிடும். ஒரே வயதுப் பையனைவிட அவள் பல் நீளமாகத் தெரியும்.

பழங்கால எலும்புக்கூடுகளில் இப்போது அளவை விட்டு எனாமலுக்குள் இருக்கும் அமெலோஜெனின் புரதத்தைப் பார்க்கிறார்கள். எக்ஸிலும் ஒய்யிலும் அதன் வடிவம் வேறு. ஸ்பெயினின் வலென்சினாவில் 2008-ல் கிடைத்த, யானைத் தந்தத்தோடு புதைக்கப்பட்ட ஒருவரை 'தந்த மனிதன்' என்றே அழைத்துவந்தார்கள். 2023-ல் அவர் பெண் என்று தெரிந்தது. இத்தாலியின் மொடெனாவில் கைகோத்தபடி கிடைத்த 'காதலர்கள்' இருவரும் ஆண்கள் என்று 2019-ல் தெரிந்தது.

இந்தச் சோதனையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது, குறிப்பாக நம் பக்கத்தில். டிஎன்ஏவில் அமெலோஜெனின் மரபணுவை மட்டும் பார்த்தால், ஒய்யில் அந்தப் பகுதி விடுபட்டுப்போன ஆண் 'பெண்' என்று பதிவாகிவிடுவார். இலங்கையில் ஓர் ஆய்வில் 24 ஆண்களில் 2 பேருக்கு இப்படி இருந்தது. இந்தியாவில் 270 பேரில் 5 பேருக்கு. ஒய் குரோமோசோமில் உள்ள வேறொரு அடையாளப் பகுதியையும் சேர்த்துப் பார்த்தபிறகே அறிக்கையில் எழுத வேண்டும்.